பெல்ட்டா, தட்டா, டோட்டா? விமான நிலையத்தில் பெட்டியை எதை நம்பி விடுவது

பயணிகளின் பெட்டிகளைச் செக்-இன் கவுண்டரிலிருந்து விமானத்துக்குப் பிரித்து அனுப்பும் இயந்திர ஏற்பாட்டுக்கான டெண்டர் உறைகளைப் பிரித்தால் போட்டியிடும் எல்லோரும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் எழுதியிருப்பார்கள்: இயங்குநேரம் 99.5 சதவீதம். ஒருவர் துணிந்து 99.9 என்பார். இந்த எண்ணை மட்டும் வைத்துப் பெட்டி ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பது, மைலேஜை மட்டும் கேட்டு லாரி வாங்குவதைப் போன்றது.

நாளுக்கு 18 மணி நேரம் ஓடும் நிலையத்தில் 99.5 என்றால் சராசரியாக நாளுக்கு 5.4 நிமிடம் நிற்கலாம். பத்து விநாடி வீதம் தினமும் முப்பது தடவை நின்றாலும் அது 99.5 தான். ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிவிட்டு, பத்தாம் நாள் விடியற்காலை நான்கு விமானங்களுக்கு ஒரே நேரத்தில் செக்-இன் நடக்கும்போது 54 நிமிடம் படுத்துவிட்டாலும் அதே 99.5 தான். முதல் வகையைப் பயணி உணரவே மாட்டார். இரண்டாவது வகை மறுநாள் செய்தித்தாளில் வரும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. எதை ‘நிறுத்தம்’ என்று எண்ணுகிறார்கள்? பையின் வார் உருளையில் சுற்றிக்கொண்டு பெல்ட் நின்றால், அது இயந்திரக் கோளாறு அல்ல, ‘பயன்பாட்டுக் காரணம்’ என்று பல ஒப்பந்தங்களில் தனியாகக் கழித்துவிடுவார்கள். ஆனால் அன்றாடம் வரிசையை நிறுத்துவதில் பெரும்பங்கு இந்த ஜாம்களுக்குத்தான். இவற்றைக் கழித்த பிறகு வரும் 99.5-ஐ நம்பித் திட்டம் போட முடியாது.

எனவே இங்கே ஒப்பீட்டை வேறு கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். கோளாறு வந்த முதல் 20 நிமிடத்தில் பெட்டி எங்கே போகிறது?

நின்ற நேரமும் தேறும் நேரமும்

உச்ச நேரத்தில் மணிக்கு 2,000 பெட்டி வரும் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்பாட்டின் கொள்ளளவு 2,400. இருபது சதவீதம் கூடுதலாக இருக்கிறதே என்று திட்டக்காரர்கள் நிம்மதியாக இருப்பார்கள். கால் மணி நேரம் வரிசை நிற்கிறது. 500 பெட்டி தேங்கிவிடும். மறுபடி ஓடத் தொடங்கியதும் புதுப்பெட்டிகளும் வந்துகொண்டே இருப்பதால், தேங்கியதைக் கரைக்க மிச்சமிருப்பது மணிக்கு 400 மட்டும். ஆக 75 நிமிடம். 15 நிமிட நிறுத்தம் ஒன்றரை மணி நேரத்து விமானங்களைத் தொட்டுவிடுகிறது. கொள்ளளவு 3,000 ஆக இருந்திருந்தால் அதே தேக்கம் அரை மணியில் கரைந்திருக்கும்.

இந்தக் கணக்கில் இயந்திரம் எந்த வகை என்பது வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். உபரிக் கொள்ளளவும் நம்பகத்தன்மையின் ஒரு பகுதிதான். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, காரணம் டெண்டர் கேட்பதில்லை.

இன்னொரு அடிப்படைக் கணக்கு. செக்-இன் கவுண்டரிலிருந்து விமானவாரியாகப் பெட்டி அடுக்கும் இடம் வரை ஒன்றன்பின் ஒன்றாக 50 பெல்ட் துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 99.99 சதவீதம் நம்பகமானவை. மொத்தம்? 99.5. அதாவது தனித்தனியே அருமையான 50 துண்டுகளைக் கோத்தால் நாளுக்கு 5.4 நிமிட நிறுத்தம் வந்துவிடுகிறது. இதே போல இரண்டு வரிசை, ஒவ்வொன்றும் தனியாகவே முழுப் பாரத்தையும் தாங்கும் என்றால், இரண்டும் சேர்ந்து நிற்கும் வாய்ப்பு லட்சத்தில் 2.5 ஆகக் குறைகிறது. பாதிப் பாரம் தாங்கும் மூன்று வரிசை போட்டால், தேவையான இரண்டு வரிசை கிடைக்காமல் போகும் வாய்ப்பு லட்சத்தில் ஏழரை. இதற்கு ஆகும் இயந்திரம் ஒன்றரைப் பங்கு, முந்தையதற்கு இரண்டு பங்கு. பல நிலையங்களுக்கு இந்த மூன்று-வரிசைதான் காசுக்கேற்ற தோசை.

ஆனால் இந்தக் கணக்கு உண்மையாக வேண்டுமானால் வரிசைகள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மின்பலகை, மோட்டார்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி ஒன்றே, ஒரே சர்வர், ஒரே சுரங்கம் என்றால் அது இரண்டு வரிசை அல்ல, அகலமான ஒரு வரிசை. வரைபடத்தில் இரட்டைக் கோடு இருப்பதைப் பார்த்து ஏமாந்த நிலையங்கள் உண்டு. கோட்டைப் பார்க்காமல் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று விரலால் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

பெல்ட்: பழசு, ஆனால் கையால் சரிசெய்யலாம்

மூன்று தேர்வுகளில் முதலாவது வழக்கமான ரப்பர் பெல்ட் வரிசை. திசை திருப்ப, பக்கவாட்டில் தள்ளும் கை அல்லது பெல்ட்டே மேலும் கீழும் சாய்ந்து இரு தளங்களுக்குப் பிரித்துவிடும் அமைப்பு.

இதன் பலவீனம் ‘பின்தொடர்தல்’. பெட்டிக்கென்று தனி இருக்கை இல்லை. பெட்டியில் ஒட்டிய டேகை ஸ்கேனர் படித்த பிறகு, ‘இந்த எண்ணுள்ள பெட்டி இப்போது இங்கே இருக்கும்’ என்று கணினி ஊகித்துக்கொண்டே வருகிறது. பெல்ட்டின் சுழற்சியை என்கோடர் எண்ணுகிறது, ஒவ்வொரு துண்டின் முனையிலும் போட்டோசெல் என்ற ஒளிக்கண் ‘வந்துவிட்டது’ என்று சொல்கிறது. எதிர்பார்த்த இடத்தில், சின்ன இடைவெளிக்குள் பெட்டி வரவில்லை என்றால் தடம் தொலைந்தது. அப்புறம் அது ‘யாரென்று தெரியாத பெட்டி’.

தடம் ஏன் தொலைகிறது? ஏற்றம் செங்குத்தாக இருந்தால், குறிப்பாக 15 பாகைக்கு மேல் போனால், வழவழப்பான கடினப் பெட்டிகள் வழுக்கிப் பின்னால் வருபவற்றோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரம் கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்த பெட்டி தானாக உருளும். மழைநாளில் நனைந்த பைகள் பெல்ட்டை ஈரமாக்கும். போட்டோசெல்லின் கண்ணாடியில் துணித்தூசி படியும். ஒரு வார்நுனி தொங்கினாலே அதை இன்னொரு பெட்டி என்று எண்ணும். இரண்டு வரிசை ஒன்றாகும் சந்திப்பில் ஒரு பெட்டி குறுக்கே திரும்பி நிற்கும். இவை எல்லாவற்றையும் விட அடிக்கடி நடப்பது: ஜாம் எடுக்க வந்தவர் பெட்டியைத் தூக்கி, அரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டுப் போவார். கணினிக்கு அது தெரியாது.

வெடிபொருள் சோதனைக் கருவி வரிசைக்கு நடுவிலேயே இருக்கும் நிலையங்களில் இதன் விலை கூடுதல். தடம் தொலைந்த பெட்டியைச் சோதிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. மறுபடி சோதனைக்கு அனுப்ப வேண்டும். அது ஏற்கனவே நிரம்பியிருக்கும் வரிசையில் இன்னொரு பாரம். நூற்றில் ஐந்து தொலைந்தால் 2,000 பெட்டி நிலையத்தில் மணிக்கு 100 பெட்டி இரண்டாம் தடவை வருகிறது.

வளைகுடாப் பயணிகள் மிகுந்த நிலையங்களுக்கு ஒரு குறிப்பு. நம் ஊர்க்காரர்கள் கயிறு கட்டி, டேப் சுற்றிக் கொண்டுபோகும் அட்டைப்பெட்டியும் போர்வை மூட்டையும் பெல்ட்டுக்கு வில்லன்கள். கயிறு இரு பெல்ட்டுகளின் நடுவே உள்ள இடைவெளியில் மாட்டும். இவற்றைக் கவுண்டரிலேயே பிளாஸ்டிக் தட்டில் வைத்து அனுப்பினால் ஜாம் கண்கூடாகக் குறையும். செலவு தட்டுகளும், அவற்றைத் திரும்பக் கொண்டுவர ஓர் ஆளும்தான்.

பெல்ட்டின் பலம் என்ன? பழுது. ஜாம் என்றால் ஓரிரு நிமிடத்தில் ஒருவர் கையால் எடுத்துவிடுவார். மோட்டார்-கியர்பாக்ஸ் போனால், முன்கூட்டியே ஒரே அளவுகளாகத் தேர்ந்தெடுத்திருந்தால், தயார் நிலையில் உள்ள ஒன்றைக் கழற்றி மாட்ட ஒரு மணி நேரம் போதும். இங்கேதான் வாங்கும்போதே கவனிக்க வேண்டும்: 300 துண்டுகளுக்கு 14 வகை மோட்டார் என்றால் ஸ்பேர் அறை நிரம்பும், தேவையானது மட்டும் இருக்காது. நான்கு வகைக்குள் அடக்கச் சொல்லுங்கள். பெல்ட் இணைப்பும் அப்படித்தான். சூட்டில் ஒட்டிய இணைப்பு அழகாக, சத்தமில்லாமல் ஓடும். கிழிந்தால் புதிதாக ஒட்டப் பல மணி நேரம். உலோகக் கொக்கி இணைப்பு கடகடக்கும், ஆனால் ஊசியை உருவிப் புதுப் பெல்ட்டைக் கோத்துவிடலாம். மாற்றுப்பாதை இல்லாத துண்டுகளில் கொக்கிதான் சரி.

டில்ட் ட்ரே: ஓடும்வரை ராஜா

இரண்டாவது தேர்வில் பெட்டிகள் பெல்ட்டில் சோதனை முடித்து வந்து, ஒரு வட்டப்பாதையில் விநாடிக்கு 2 மீட்டர் வாக்கில் ஓடும் தட்டுகளில் ஏறும். உரிய விமானத்துக்கான இறங்குசரிவுக்கு எதிரே வந்ததும் தட்டு சாயும். பெட்டி வழுக்கி இறங்கும். ஒவ்வொரு தட்டுக்கும் எண் இருப்பதால் இங்கே ஊகம் குறைவு. இறங்குமிடங்கள் அதிகமாக, 25-க்கு மேல் இருந்தால், தள்ளுகைகளை வரிசையாக அடுக்குவதைவிட இது தெளிவான வழி. தள்ளுகை ஒவ்வொன்றும் வரிசையில் இன்னொரு கோளாறு வாய்ப்பு.

ஒரு தட்டின் சாயும் கை உடைந்தால், அந்தத் தட்டை மட்டும் பயன்பாட்டிலிருந்து நீக்கிவிட்டு வட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், இரவில் மாற்றலாம். இது நல்ல குணம். கெட்ட குணம், தட்டுகள் எல்லாம் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. ஒரு தட்டு தடம்விலகினாலோ, பெட்டியின் கைப்பிடி இரு தட்டுகளுக்கு நடுவே சிக்கி இழுபட்டாலோ, வட்டம் முழுதும் நிற்கும். அந்த நேரத்தில் அதன் மேல் இருக்கும் 200, 300 பெட்டிகளும் அங்கேயே சிறைப்படும். பெல்ட்டில் ஒரு துண்டு நின்றால் அதற்கு முன்னால் போனவை தப்பித்துவிடும். வட்டத்தில் அந்தப் பாக்கியம் இல்லை.

அமைதியாக வரும் இன்னொரு நோய், நிரம்பிய சரிவு. ஒரு விமானத்துக்கான ஆட்கள் வரத் தாமதமானால் சரிவு நிரம்பும். இறங்க முடியாத பெட்டி இன்னொரு சுற்றுப் போகும். அது ஏறியிருக்கும் தட்டு புதுப்பெட்டிக்குக் கிடைக்காது. இரண்டு மூன்று சரிவுகள் இப்படி ஆனால் வட்டத்தில் காலித் தட்டே இராது, பின்னால் பெல்ட்டுகள் தேங்கும், செக்-இன் நிற்கும். இயந்திரத்தில் ஒரு திருகாணிகூடப் பழுதில்லை. அன்றைய அறிக்கையில் இயங்குநேரம் 100 சதவீதம் என்று இருக்கும். இதற்கு மருந்து எளிது: இரண்டு சுற்றுக்கு மேல் போகும் பெட்டியைக் கட்டாயமாக ஒரு பொதுச் சரிவில் இறக்கும் விதியை மென்பொருளில் முதல் நாளே வைக்க வேண்டும், அந்தச் சரிவுக்கு எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

எங்கள் கருத்து சுருக்கமானது. டில்ட் ட்ரே வாங்கினால் இரண்டு வட்டம் வாங்குங்கள். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், வாங்காதீர்கள், பெல்ட்டோடு நில்லுங்கள்.

டோட்: பெட்டிக்கு ஒரு தொட்டி

மூன்றாவது, ஒவ்வொரு பெட்டியையும் ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் போட்டு, அந்தத் தொட்டியை ஓட்டுவது. துறையில் டோட் என்பார்கள். பிராங்க்பர்ட்டில் 1970-களிலிருந்தே பெட்டிகள் தொட்டிகளில்தான் ஓடுகின்றன, ஆக இது புதுமோகம் இல்லை. இப்போதைய டோட்டில் ரேடியோ சில்லு பதித்திருப்பதால் பெட்டியின் டேக் கசங்கினாலும், மறைந்தாலும் கவலையில்லை. முதலில் ஒருமுறை இணைத்துவிட்டால் போதும். ஓடுவது எப்போதும் ஒரே அளவுள்ள தொட்டி என்பதால் வார், சக்கரம், கயிறு எதுவும் பாதையைத் தொடாது. ஜாம் வெகுவாகக் குறையும். நீண்ட சுரங்கத்தில் பெல்ட்டைப் போலப் பல மடங்கு வேகத்தில் ஓட்டலாம்.

பிரச்சினை வேறு இடத்தில் முளைக்கிறது: காலித் தொட்டி.

2,000 பெட்டி நிலையத்துக்கு எத்தனை டோட் வேண்டும்? பெட்டி உள்ளே இருக்கும் நேரம் சராசரி 12 நிமிடம் என்றால் 400. இறக்கிய பிறகு காலியாகத் திரும்ப 8 நிமிடம் என்றால் ஏறத்தாழ 267. சீக்கிரமே வந்துவிட்ட பெட்டிகளைச் சேமிக்கும் அறையில் 600 இருக்கலாம். ஆக 1,267. பழுதுக்கும் கழுவுவதற்கும் 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 1,460. ஒரு விமானம் ஆறு மணி நேரம் தாமதமாகி, சேமிப்பறையில் 600-க்குப் பதில் 1,000 பெட்டி உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்க வேண்டிய 400 தொட்டியைச் சேமிப்பறை விழுங்கிவிடும். கவுண்டர்களில் பெட்டி இருக்கும், ஏற்றத் தொட்டி இராது. எனவே டோட் விற்பவரிடம் தடத்தின் நம்பகத்தைக் கேட்பதைவிட, காலித் தொட்டி எங்கெங்கே எத்தனை நிற்கும், அதை எந்த விதி முடிவு செய்கிறது என்று கேளுங்கள்.

இந்தப் பாடத்துக்கு உலகமே கட்டணம் கட்டியது டென்வரில். அமெரிக்காவின் அந்த நிலையம் 1993 அக்டோபரில் திறக்க வேண்டியது. திறந்தது 1995 பிப்ரவரி 28. தாமதம் நாளொன்றுக்கு நகருக்குச் சுமார் 11 லட்சம் டாலர் செலவு வைத்தது. காரணங்களில் முதன்மையானது, தண்டவாளத்தில் தனித்தனியே ஓடும் ஏறக்குறைய 4,000 வண்டிகளைக் கொண்ட பெட்டி ஏற்பாடு. அங்கே வண்டி நிற்காது; ஓடிக்கொண்டே இருக்கும்போது பெல்ட் பெட்டியை அதற்குள் வீசும். நொடி பிசகினால் பெட்டி தண்டவாளத்தில். 1994-ல் செய்தியாளர்களை அழைத்துக் காட்டியபோது பெட்டிகள் பிய்ந்து உள்ளே இருந்த துணிகள் சிதறியதைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது.

ஆனால் பெட்டி பிய்ந்தது வெளியே தெரிந்த காயம். உள்காயம், காலி வண்டிகளைப் பங்கிடுவது. ஒரு தடத்தில் முன்னால் இருப்பவர்கள் வரும் காலி வண்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டால், கடைசியில் இருக்கும் கவுண்டருக்கு எதுவும் மிஞ்சாது. ஆற்றின் தலைமடைக்காரர் மடையைத் திறந்துகொண்டால் கடைமடை காயும் அல்லவா, அதேதான். பாரம் குறைவாக இருக்கும் சோதனையில் இது தெரியாது. எல்லா இடமும் ஒரே நேரத்தில் வண்டி கேட்கும்போதுதான் தெரியும். கடைசியில் 5.1 கோடி டாலர் செலவில் பெல்ட்டும் டிராக்டர் இழுக்கும் வண்டிகளும் கொண்ட வழக்கமான ஏற்பாடு ஒன்றைப் பக்கத்திலேயே போட்டுத்தான் நிலையத்தைத் திறந்தார்கள். தானியங்கியை யுனைடெட் விமான நிறுவனம் மட்டும், அதுவும் புறப்படும் பெட்டிகளுக்கு மட்டும், ஒரு கட்டடத்தில் பயன்படுத்தியது. மாதம் 10 லட்சம் டாலர் பராமரிப்பு கேட்ட அதை 2005-ல் அவர்களும் கைவிட்டார்கள்.

இன்றைய டோட் டென்வர் வண்டி அல்ல. நிறுத்தித்தான் ஏற்றுகிறது, அதனால் வீச்சு கிடையாது. தடம் ஒவ்வொரு சில மீட்டருக்கும் உறுதி செய்யப்படுகிறது. ஆனாலும் காலித் தொட்டிப் பங்கீடு என்ற அதே கணக்கு அதற்குள் உயிரோடு இருக்கிறது.

டோட்டின் பழுதுபார்ப்பு பெல்ட்டைவிடக் கொஞ்சம் கடினம். ஏற்றும் இடத்தில் உள்ள இயந்திரம்தான் இதயம். அது நின்றால் பெல்ட் போலக் கையால் தள்ளிவிட முடியாது. ஏற்றுமிடங்கள் குறைந்தது இரண்டு, வெவ்வேறு மின்பாதையில். வளைந்த, விளிம்பு உடைந்த தொட்டிகளை ஓட்டத்திலேயே கண்டுபிடித்து ஒதுக்கும் சென்சாரும் வேண்டும். ஒரு கோணல் தொட்டி ஒரே நாளில் பத்து இடத்தில் சிக்கிப் பத்துக் கோளாறாகக் கணக்கில் வரும்.

இயந்திரம் நல்லா இருக்கும், பெட்டி மட்டும் போகாது

2008 மார்ச் 27. லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் திறந்த நாள். மணிக்கு 12,000 பெட்டி தாங்கும் என்று சொல்லப்பட்ட ஏற்பாடு. முதல் நாளே 34 விமானங்கள் ரத்து. மாலைக்குள் பெட்டி ஏற்றுக்கொள்வதையே நிறுத்தினார்கள். அடுத்த சில நாட்களில் 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் தேங்கின. ஒரு பகுதியைப் பிரித்து அனுப்ப இத்தாலியின் மிலான் வரை லாரியில் கொண்டுபோனார்கள்.

எந்த மோட்டாரும் எரியவில்லை. சோதனைக் காலத்தில், ஒத்திகைச் செய்திகள் உண்மையான வலையமைப்புக்குள் போய்விடாமல் இருக்க ஒரு மென்பொருள் வடிகட்டி வைத்திருந்தார்கள். திறந்த பிறகு அதை எடுக்கவில்லை. மற்ற நிறுவனங்களிலிருந்து மாறிவரும் பெட்டிகளின் விவரம் உள்ளே வரவே இல்லை. விவரம் இல்லாத பெட்டியை ஏற்பாடு என்ன செய்யும்? கையால் பிரிக்கும் இடத்துக்குத் தள்ளும். சில பணியாளர்களால் கணினிக்குள் நுழைய முடியவில்லை, சிலருக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை, எடுக்க வேண்டிய பெட்டி எடுக்கப்படாமல் கிடந்தது.

பெட்டியில் ஒட்டும் டேகின் பார்கோடில் இருப்பது பத்து இலக்க எண், அவ்வளவே. அதில் விமானமும் ஊரும் இல்லை. ‘இந்த எண் இந்தப் பயணியுடையது, இந்த விமானம்’ என்ற செய்தி விமான நிறுவனத்தின் கணினியிலிருந்து தனியாக வர வேண்டும். அந்தச் செய்தி வராவிட்டால் பெல்ட்டும் தட்டும் டோட்டும் ஒன்றுபோலக் குருடு. ஆகவே மூன்றில் எதை வாங்கினாலும், செய்தி வராத நாளுக்கு ஒரு வழி வேண்டும். டேகின் எண்ணில் விமான நிறுவனத்துக்கு மூன்று இலக்கம் உண்டு; அதை மட்டும் வைத்து, நிறுவனவாரியாகப் பிரிக்கும் முறையை மென்பொருளில் ஒரே பொத்தானில் மாற்றும்படி கேளுங்கள். 1-ல் தொடங்கும் அவசர டேக்குகளைக் கவுண்டர் இழுப்பறையில் வைத்திருங்கள். விமான நிறுவனத்தின் செய்தி வராத நேரத்திலும் ஏற்பாடு பெட்டியைப் பிரிப்பதற்கென்றே உள்ள டேக்குகள் அவை.

ஸ்கேனர் படிப்பு விகிதத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். படிக்க முடியாத பெட்டி கைப்பதிவு மேசைக்குப் போகும். ஒரு பெட்டிக்குப் பத்து விநாடி என்றால் ஒருவரால் மணிக்கு 360 முடியும். 2,000-ல் நூற்றுக்கு 3 படியாமல் போனால் 60, சும்மா இருப்பார். டேக் அச்சிடும் கருவியின் வெப்பத்தலையில் அழுக்குப் படிந்து, பார்கோடில் வெள்ளைக் கோடு விழத் தொடங்கி, அது 20 ஆனால் 400. அவர் மேசை வழிந்து வரிசையை நிறுத்தும். 300 ரூபாய்ச் சுத்திகரிப்புத் துணியில் முடிய வேண்டிய விஷயம். எனவே படிப்பு விகிதத்தை மொத்தமாகப் பார்க்காமல் கவுண்டர்வாரியாகப் பாருங்கள். எந்தக் கருவி கெட்டது என்று அன்றே தெரியும்.

அப்படியென்றால் எதை?

உலக அளவில் 2007-ல் ஆயிரம் பயணிக்கு 18.88 பெட்டி தவறின, 2024-ல் 6.3. இந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடும் சிட்டா நிறுவனத்தின் அறிக்கைப்படி, 2024-ல் தாமதமானவற்றில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தவறியவை. ஆகவே முதல் கேள்வி கொள்ளளவு அல்ல. உங்கள் பெட்டிகளில் எத்தனை மாறிச் செல்பவை?

திருச்சி போலப் பயணிகள் பெரும்பாலும் அங்கேயே ஏறி அங்கேயே இறங்கும் நிலையமா? ஒரே கட்டடமா? உச்ச நேரம் 2,500-க்குள்ளா? பெல்ட் போதும். ஆனால் மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் பாதிப் பாரம், நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் குறுக்குப்பாதை. மிச்சமாகும் பணத்தைச் சோதனைக் கருவி ஒன்றை அதிகமாக வாங்கப் போடுங்கள். உண்மையில் இப்படிப்பட்ட நிலையத்தில் நெரிசலின் முடிச்சு பெரும்பாலும் அந்தக் கருவிதான், பிரிக்கும் இயந்திரம் அல்ல. மூன்று கருவி போதும் என்று கணக்கு சொன்னால் நான்கு.

இறங்குமிடங்கள் அதிகம், மாறிச் செல்வோர் குறைவு என்றால் இரட்டை வட்ட டில்ட் ட்ரே.

சிங்கப்பூர், துபாய் போல மாறிச் செல்பவர்கள் மிகுந்த நிலையம், அல்லது இரு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டிய தூரம், அல்லது பெட்டிகளைப் பல மணி நேரம் சேமித்து வைத்துத் தேவையானபோது ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும் என்ற நிலை என்றால் டோட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நியாயமானது. சேமிப்பறையில் பெட்டியைத் தனித்தனியே எடுக்கும் வசதியைப் பெல்ட்டால் தரவே முடியாது. இருந்தாலும் பராமரிப்புக் குழு ஒன்று இரவு-பகல் அங்கேயே இருக்க வசதியில்லாத சிறு நிலையம், கௌரவத்துக்காக டோட் வாங்கினால் ஐந்தாம் ஆண்டு மென்பொருள் புதுப்பிப்புக் கட்டணத்தில் அழ வேண்டியிருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் ஒப்பந்தத்தில் சிலவற்றை மாற்றி எழுத வேண்டும். இயங்குநேரத்தோடு கூட, ‘30 நிமிடத்துக்கு மேற்பட்ட நிறுத்தம் ஆண்டுக்கு எத்தனை’ என்று தனி வரம்பு. ஜாம் எண்ணிக்கை ஆயிரம் பெட்டிக்கு இத்தனை என்று தனி வரம்பு, காரணம் யாருடையதானாலும். தடம் தொலைந்தவை, படியாதவை, இரண்டாம் சுற்றுப் போனவை மூன்றும் தனித்தனிக் கணக்கு. அபராதம் உச்ச நேரத்துக்கு மும்மடங்கு. விற்பவர் முதலில் முரண்டு பிடிப்பார், பிறகு விலையைச் சற்று ஏற்றிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அந்த ஏற்றம்தான் அவர் தன் இயந்திரத்தை எவ்வளவு நம்புகிறார் என்பதற்கு நேர்மையான அளவுகோல்.

சோதனையில் கஞ்சத்தனம் வேண்டாம். டென்வருக்கு முன்பே மியூனிக்கில் இதைவிட எளிய ஏற்பாட்டுக்கே இரண்டு ஆண்டுகள் சோதனை நடந்தது; 1992-ல் திறப்பதற்கு முந்தைய ஆறு மாதம் இரவு-பகலாக ஓட்டிப் பார்த்தார்கள். புத்தம்புது ஒரே அளவுப் பெட்டிகளைக் கொண்டு சோதிக்கும் வழக்கத்தை விடுங்கள். உரிமை கோரப்படாத பழைய பெட்டிகள், சக்கரம் உடைந்தவை, முதுகுப்பைகள், கயிறு கட்டிய அட்டைகள், குழந்தை வண்டி, அரைக்கிலோ எடையுள்ள காலிப் பை எல்லாம் கலந்து, உச்ச வேகத்தில் தொடர்ந்து நான்கு மணி நேரம். நடுவில் யாரிடமும் சொல்லாமல் ஒரு மின்பாதையை அணையுங்கள். ஒரு பிஎல்சியின் வயரைப் பிடுங்குங்கள். விமான நிறுவனத்துச் செய்திகளை அரை மணி நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் கைக்கடிகாரத்தில் மூன்று நேரம் குறியுங்கள்: கோளாறு முதலில் எப்போது கண்ணில் பட்டது, மாற்றுப்பாதை எப்போது திறந்தது, கடைசித் தேக்கப் பெட்டி எப்போது கரைந்தது. முதல் இரண்டும் ஐந்து நிமிடத்துக்குள் வராத ஏற்பாட்டைக் கையேற்காதீர்கள், திறப்பு விழாவுக்கு யாரை அழைத்திருந்தாலும் சரி.